சூப்பர் ஃபாமிகாம் ஆன் ஆகவில்லையா? அடாப்டரிலிருந்து ஆரம்பித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

ஜப்பானிலிருந்து வரவழைத்த பழைய சூப்பர் ஃபாமிகாம் (நின்டென்டோவின் வீடியோ கேம் பெட்டி) ஆன் ஆகாவிட்டால் பலரும் முதலில் எடுப்பது சால்டரிங் அயர்னைத்தான். கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அப்போதும் விளக்கு எரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, அடாப்டரிலோ ஒரு பியூஸிலோ இருக்கும்.

இங்கே கடைப்பிடிக்க வேண்டியது ஒரே ஒழுங்கு. மின்சாரம் எந்த வழியாக உள்ளே போகிறதோ அதே வழியில் மீட்டரைக் கொண்டுபோங்கள்: சுவர் பிளக், அடாப்டர், ஜாக் (அடாப்டர் பின் சொருகும் துளை), பியூஸ், சுவிட்ச், ரெகுலேட்டர் (வோல்டேஜை 5-ஆகக் குறைக்கும் உதிரி), கடைசியில் சிப்கள். எந்த இடம் வரை வோல்டேஜ் வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்த பிறகுதான் அயர்னைச் சூடாக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி 1990-ல் வந்த ஜப்பானிய சூப்பர் ஃபாமிகாமுக்கானது. அமெரிக்க சூப்பர் நின்டென்டோவும் 10 வோல்ட் டிசி எடுக்கும், ஆனால் பின் வடிவம் வேறு. ஐரோப்பியப் பெட்டிக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர், அதனால் அதன் நுழைவுப் பகுதியே வேறு மாதிரி இருக்கும். உங்களிடம் இருப்பது எந்த நாட்டுப் பெட்டி என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## 1. அறிகுறியை எழுதி வையுங்கள்

"ஆன் ஆகவில்லை" என்று சொல்லப்படுவதில் மூன்று வேறு கோளாறுகள் உண்டு.

சிவப்பு விளக்கும் இல்லை, திரையிலும் ஒன்றும் இல்லை என்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை. விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தால் உள்ளே ஷார்ட், அல்லது அடாப்டருக்குத் திராணி இல்லை. விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் மின்சாரப் பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. நேராக 9-ம் படிக்குப் போகலாம்.

நான்காவதாக ஒன்று எல்லாரையும் ஏமாற்றும். விளக்கு எரியாது, ஆனால் விளையாட்டு ஓடும். அந்த விளக்கு மெயின் போர்டில் இல்லை. கன்ட்ரோலர் சொருகும் முன்பக்கச் சிறு போர்டில் இருக்கிறது, ஒரு பட்டைக் கேபிள் வழியாகத்தான் அதற்கு மின்சாரம் போகிறது. கேபிள் சரியாக உட்காராவிட்டால் விளக்கும் இல்லை, கன்ட்ரோலரும் வேலை செய்யாது. அதனால் டிவியில் இணைத்துப் பார்க்காமல் "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்.

## 2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

- டிஜிட்டல் மல்டிமீட்டர். கன்டின்யூட்டி (இரண்டு முனைக்கும் இடையே இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலை) வைத்தால் பீப் அடிப்பதாக இருக்கட்டும். விலை குறைந்ததே போதும்.
- 4.5 மி.மீ. கேம்பிட். இந்தப் பெட்டியின் திருகுத் தலைகளுக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது. கேசட்டைத் திறக்க வேண்டுமானால் 3.8 மி.மீ.
- சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், உள்ளே இருக்கும் திருகுகளுக்கு.
- சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்ப்.
- 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி.
- 1.5 ஆம்பியர் பியூஸ், ஒரு 7805 ரெகுலேட்டர், கொஞ்சம் தெர்மல் பேஸ்ட்.

பால்பாயின்ட் பேனாவின் பின்பக்கத்தை உருக்கித் திருகின்மேல் அழுத்தி அச்சு எடுக்கும் வித்தையைப் பலர் செய்கிறார்கள். இறுகிப்போன பழைய திருகில் அது வழுக்கும். உருகிய பிளாஸ்டிக் தலையில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் சரியான பிட்டும் உள்ளே இறங்காது. சின்னச் செலவுதான், பிட்டையே வாங்குங்கள்.

## 3. பெட்டியைத் தொடாமல் முதலில் அடாப்டர்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இந்தப் பெட்டிகள் பழுதாவதற்கு முதல் காரணமாக நான் பார்த்தது அடாப்டர்தான்.

அசல் அடாப்டரின் எண் எச்விசி-002. இதற்கு முந்தைய ஃபாமிகாமுக்கும் சூப்பர் ஃபாமிகாமுக்கும் இதுவே. வெளியே கொடுப்பது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர். உள்ளே வாங்குவது 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் சுவரில் வருவது 230 வோல்ட். பின்னை மட்டும் மாற்றும் சின்னச் சாதனத்தைப் போட்டு நேராகச் சொருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்ச நேரத்தில் எரிந்துபோகும். எரிவதற்கு முன் இரண்டு மடங்குக்கும் மேலான வோல்டேஜைப் பெட்டிக்குள் தள்ளியிருக்கும். அப்படி நடந்திருந்தால் அடாப்டரை மாற்றுவதோடு நிறுத்தாமல் 5, 7-ம் படிகளையும் கட்டாயம் செய்யுங்கள்.

அடாப்டர் எரிந்துவிட்டதா என்று பார்க்க: எதிலும் சொருகாமல், மீட்டரை ஓம்ஸில் வைத்து, சுவரில் சொருகும் இரண்டு தகடுகளுக்கும் இடையே அளக்கவும். ஏதாவது ஓர் எண் வந்தால் சுருள் அறுபடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அதைத் திறந்து சரிசெய்ய முயலாதீர்கள், அதற்குள் மட்டும்தான் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இருக்கிறது.

அடுத்து துருவம். இந்தப் பெட்டிக்கு நடுப்பகுதி நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். வீட்டில் கிடக்கும் ரூட்டர் அடாப்டர், சிசிடிவி அடாப்டர் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பின் கச்சிதமாக உள்ளே போகும் என்பதால் சந்தேகமே வராது. சிவப்பு முனையை நடுத் துளைக்குள்ளும், கறுப்பு முனையை வெளி வளையத்திலும் வைத்து டிசி வோல்டேஜ் அளக்கவும். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வர வேண்டும். வந்தால் சரி. வராவிட்டால் அந்த அடாப்டரை ஒதுக்கி வையுங்கள்.

அமெரிக்காவில் விற்ற பழைய நின்டென்டோவின் (சூப்பர் நின்டென்டோவுக்கு முந்தைய என்இஎஸ்) அடாப்டர் பின்னும் இதில் பொருந்தும். அது 9 வோல்ட் ஏசி. தெரியாமல் சொருகினால் பியூஸோடு தப்பிப்பது அதிர்ஷ்டம்.

அசல் அடாப்டரைச் சும்மா அளந்தால் 13, 14 வோல்ட் வரை காட்டும். பதறாதீர்கள். அது ரெகுலேட் செய்யாத பழைய வகை. லோடு ஏறினால் இறங்கிவிடும்.

எதை வாங்கலாம்? 9 வோல்ட் டிசி, 1 ஆம்பியருக்குக் குறையாத, 230 வோல்ட்டில் ஓடும் எஸ்எம்பிஎஸ் (வோல்டேஜைத் தானே சீராக வைக்கும் புதிய வகை) அடாப்டர், நடு நெகட்டிவ். 10 என்று எழுதியிருக்கும்போது 9 எப்படிப் போதும் என்று கேட்பார்கள். உள்ளே 7805 ரெகுலேட்டர் இதை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதற்கு 7 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே போதும், மிச்சம் எல்லாம் சூடாகத்தான் போகும். அரை ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 9 வோல்ட்டில் ரெகுலேட்டர் 2 வாட் சூட்டைத் தாங்குகிறது. 12 வோல்ட் கொடுத்தால் 3.5 வாட். அதனால்தான் 12 வோல்ட் அடாப்டர் போட்டு "ஓடுதே" என்று சொல்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன்.

சரியான அடாப்டர் போட்டதும் பெட்டி ஆன் ஆனால் வேலை முடிந்தது. திறக்கவே வேண்டாம்.

## 4. திறப்பது

அடாப்டரைக் கழற்றுங்கள், கேசட்டை எடுங்கள், சுவிட்சை ஆஃப் நிலைக்குத் தள்ளுங்கள். அடியில் ஆழக் குழிகளில் இருக்கும் திருகுகளை 4.5 பிட்டால் எடுத்துவிட்டு, பெட்டியை நிமிர்த்தி மேல் மூடியைத் தூக்கவும்.

கேசட்டை வெளியே தள்ளும் எஜெக்ட் நெம்புகோலில் ஓர் உலோகக் கம்பியும் ஸ்பிரிங்கும் இருக்கும். எடுக்கும் முன் போனில் படம் எடுங்கள். ஸ்பிரிங்கின் எந்த முனை எதில் மாட்டியிருந்தது என்பது மூடும்போது நினைவிருக்காது.

பவர் சுவிட்ச் போர்டோடு ஒட்டியதல்ல. தனித் துண்டாகத் திருகி, ஒயரால் போர்டில் சொருகியிருக்கும். போர்டை அவசரமாக இழுத்தால் அந்த ஒயர் பிய்ந்துவிடும். முன்பக்கப் பட்டைக் கேபிளையும் அதன் கறுப்புப் பகுதியைப் பிடித்து நேராக மேலே இழுங்கள், வளைக்காதீர்கள்.

உள்ளே ஷாக் அடிக்கும் மின்சாரம் கிடையாது. ஆனால் இதே துணிச்சலோடு சேகா சாட்டர்னையோ முதல் பிளேஸ்டேஷனையோ திறக்காதீர்கள். அவற்றின் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

## 5. மின்சாரம் கொடுக்காமல் நான்கு சோதனைகள்

மீட்டரைக் கன்டின்யூட்டியில் வையுங்கள். கறுப்பு முனைக்கு கிரவுண்ட் வேண்டும்போது உலோகக் கவசத்தையோ ரெகுலேட்டரின் உலோக முதுகையோ தொடலாம்.

ஜாக். போர்டின் அடியில் ஜாக்கின் ஈயப் புள்ளிகளைப் பாருங்கள். சுற்றி மெல்லிய வளையம் போல விரிசல் தெரிந்தால் அதுதான் கோளாறு. பல வருடம் சொருகி இழுத்ததில் வருவது. பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள். பழையதன் மேலேயே பூசினால் விரிசல் உள்ளே அப்படியே இருக்கும்.

பியூஸ். ஜாக்குக்குப் பக்கத்தில், போர்டில் எஃப்1 என்று அச்சிட்ட இடத்தில் இருக்கும். கண்ணாடிக் குழாயைத் தேடாதீர்கள், பார்க்க ரெசிஸ்டர் போலச் சின்னதாக இருக்கும். இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தால் பீப் வர வேண்டும். வராவிட்டால் போய்விட்டது. கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல முடியாது, வெளியே கருகவே கருகாது.

சுவிட்ச். ஒயர் கனெக்டரைக் கழற்றி அதன் இரு முனைகளில் அளக்கவும். ஆனில் பீப், ஆஃபில் அமைதி. பீப் விட்டுவிட்டு வந்தால் உள்ளே தகடு கறுத்துவிட்டது. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு இருபது முப்பது தடவை தள்ளுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும்.

ஷார்ட். மீட்டரை ஓம்ஸுக்கு மாற்றி, ரெகுலேட்டரின் மூன்று கால்களில் முதல் காலுக்கும் கிரவுண்டுக்கும், பிறகு மூன்றாவது காலுக்கும் கிரவுண்டுக்கும் அளக்கவும். எழுத்து உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது இன்புட், நடு கிரவுண்ட், வலது அவுட்புட். மீட்டர் வைத்ததும் எண் குறைவாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும். அது கெப்பாசிட்டர் நிரம்புவது, ஷார்ட் அல்ல. அந்த ஒரு கண பீப்பைக் கேட்டு ஷார்ட் என்று முடிவெடுத்து நல்ல உதிரிகளைப் பிடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சில விநாடி காத்திருங்கள். அப்போதும் ஓரிரு ஓம்ஸிலேயே நின்றால்தான் ஷார்ட்.

## 6. பியூஸ் மாற்றுவது

ஷார்ட் இல்லை என்று உறுதியான பிறகு மட்டும். பியூஸ் தானாகச் சாவது அபூர்வம். தவறான அடாப்டரா, உள்ளே ஷார்ட்டா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் புதியது போட்டால் அதுவும் போகும்.

அதே சின்ன வடிவத்தில் 1.5 ஆம்பியர் பியூஸ் உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால், சென்னை ரிச்சி தெருவிலோ வேறு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ 1.5 ஆம்பியர் கண்ணாடிப் பியூஸை அதற்கான ஹோல்டரோடு வாங்கி, இரண்டு சின்ன ஒயர்களால் எஃப்1 துளைகளில் இணைக்கலாம். ஹோல்டர் எந்த உலோகத்தையும் தொடாதபடி ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். இதில் ஒரு வசதியும் உண்டு, அடுத்த தடவை ஈயம் வைக்காமலே மாற்றலாம்.

பியூஸ் இடத்தில் ஒயர்த் துண்டை வைக்காதீர்கள். "டெஸ்ட் பண்ண மட்டும்" என்று வைத்தது அப்படியே தங்கிவிடும். அடுத்த முறை தவறான அடாப்டர் வரும்போது பியூஸுக்குப் பதிலாகச் சிப் போகும். இந்தச் சிப்களை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. வேறொரு பெட்டியைக் கொன்றுதான் எடுக்க வேண்டும்.

## 7. மின்சாரம் கொடுத்து அளப்பது

முதல் தடவை நேராகக் கொடுக்காமல் சீரிஸ் பல்ப் வழியாகக் கொடுங்கள். வீட்டு வயரிங் பார்ப்பவர்கள் செய்வது போலத்தான், ஆனால் இங்கே 12 வோல்ட் 21 வாட் வண்டி பிரேக் பல்ப். 9 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரின் ஒரு ஒயரில் இதைத் தொடராக இணைத்து ஆன் செய்யவும். பல்ப் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே ஆஃப் செய்யுங்கள். எரியாமலோ மங்கலாகவோ இருந்தால் பயமில்லை. பல்ப் கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும் என்பதால், அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துத்தான் அளக்க வேண்டும்.

போர்டை மேஜையில் வைத்து, சுவிட்ச் ஒயரையும் முன்பக்கக் கேபிளையும் மாட்டிக்கொள்ளுங்கள். அடியில் உலோகத் துகள், திருகு எதுவும் இல்லை என்று பாருங்கள். சுவிட்ச் ஒயரை மாட்ட மறந்துவிட்டு "எங்கேயும் வோல்டேஜ் இல்லை" என்று அரைநாள் தேடுவது புதியவர்கள் எல்லாருக்கும் நடக்கிறது.

கறுப்பு முனை கிரவுண்டில். சிவப்பு முனையை வரிசையாக வையுங்கள்:

பியூஸின் ஜாக் பக்கம் வோல்டேஜ் இல்லை என்றால் ஜாக். மறுபக்கம் இல்லை என்றால் பியூஸ். ரெகுலேட்டரின் இன்புட்டில் இல்லை என்றால் சுவிட்ச் அல்லது அதன் கனெக்டர். இன்புட்டில் 9 இருந்து அவுட்புட்டில் 4.8-க்கும் 5.2-க்கும் இடையே வராவிட்டால் ரெகுலேட்டர், அல்லது அதற்குப் பின்னால் ஏதோ ஒரு ஷார்ட் அந்த வோல்டேஜை இழுத்துப் பிடிக்கிறது.

சிவப்பு முனை வழுக்கி இன்புட், அவுட்புட் கால்கள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் 9 வோல்ட் நேராகச் சிப்களுக்குப் போகும். முனையில் நுனியைத் தவிர மற்ற பகுதியை டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கையால் மட்டும் அளங்கள்.

## 8. ரெகுலேட்டர் மாற்றுவது

பழையதை எடுத்தவுடன் புதியதைப் போடாதீர்கள். காலியான அவுட்புட் துளைக்கும் கிரவுண்டுக்கும் மறுபடி ஓம்ஸ் அளக்கவும். ஷார்ட் மறைந்திருந்தால் குற்றவாளி ரெகுலேட்டர். ஷார்ட் அப்படியே இருந்தால் போர்டில் ஒரு கெப்பாசிட்டரோ சிப்போ போயிருக்கிறது, புதிய ரெகுலேட்டரால் பயனில்லை.

எடுக்கும்போது முதலில் ஹீட் சிங்க் (ரெகுலேட்டரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) திருகைக் கழற்றி, மூன்று கால்களையும் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக எடுப்பதுதான் போர்டுக்கு நல்லது. மூன்றையும் ஒன்றாகப் பிடுங்கினால் செம்புத் தடம் உரிந்துவரும். கிரவுண்ட் கால் சூட்டை உறிஞ்சும், அங்கே அயர்னைக் கொஞ்சம் அதிக நேரம் வைக்க வேண்டியிருக்கும்.

புதியதை முதலில் ஹீட் சிங்கில் பேஸ்ட் தடவித் திருகுங்கள், அப்புறம் ஈயம். தலைகீழாகச் செய்தால் திருகு இறுகும்போது கால்கள் இழுபட்டு ஈயப் புள்ளி வெடிக்கும். ஹீட் சிங்க் இல்லாமல் "சும்மா ஒரு நிமிஷம்" ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். 7805 சூடு ஏறினால் தானாக அணைந்துகொள்ளும், கோளாறு இன்னும் இருக்கிறது என்று தப்பாக நினைப்பீர்கள்.

கெப்பாசிட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீங்கியதோ கசிந்ததோ கண்ணில் பட்டால் மாற்றுங்கள், உடலில் எழுதிய மதிப்பையும் கழித்தல் பட்டையையும் பார்த்து. ஆனால் அவை கெட்டால் படத்தில் கோடு ஓடும், சத்தத்தில் இரைச்சல் வரும். பெட்டி அடியோடு சாவதற்கு அவை காரணமாவது குறைவு. பெட்டி முதலில் ஆன் ஆகட்டும், அந்த வேலையைத் தனியாக இன்னொரு நாள் செய்யலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு ஆன் ஆகாவிட்டால், பழைய கோளாறா, நாமே உண்டாக்கியதா என்று சொல்ல முடியாது.

## 9. விளக்கு எரிகிறது, திரை கருப்பு

5 வோல்ட் சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு, கேசட்டின் தங்க நிறத் தகடுகளை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை. ஸ்லாட்டுக்கு, சுத்தமான கேசட்டை ஆல்கஹால் ஈரத்தோடு நாலைந்து தடவை சொருகி எடுத்தால் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தகட்டை அரிக்கும். காய்ந்த பிறகே ஆன் செய்யவும். வேறு இரண்டு கேசட்டிலும் சோதியுங்கள்.

ஆன்டெனா வழியாக இணைத்திருந்தால் அதை விட்டுவிட்டு ஏவி கேபிளில் பாருங்கள். ஜப்பானிய சேனல் அலைவரிசை நம் டிவிக்களில் சிக்காது, பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் திரை வெறுமையாகத்தான் இருக்கும். டிவி என்டிஎஸ்சி (ஜப்பானிய டிவி படமுறை) ஏற்குமா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கருப்பு என்றால் பிராசஸரோ படச் சிப்போ போயிருக்கலாம். ஆரம்ப கால போர்டுகளில் பிராசஸர் சாவது புதிதல்ல. நூறு கால் சிப்பை எடுத்து வைக்கும் வேலை முதல் தடவை செய்பவருக்கானது அல்ல. போர்டைப் பத்திரமாக வைத்து, கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள்.

## 10. மூடுவதற்கு முன்

மேல் மூடி இல்லாமலே, கவசத்தையும் ஹீட் சிங்கையும் திருகிவிட்டு, ஒரு மணி நேரம் விளையாட்டை ஓட விடுங்கள். ரெகுலேட்டர் அவுட்புட்டை ஆரம்பத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சூடு ஏறியதும் வோல்டேஜ் இறங்கினால் ஹீட் சிங்க் திருகையும் பேஸ்டையும் மறுபடி பாருங்கள்.

மூடும்போது பவர் சுவிட்சின் நெம்பு மேல் மூடியில் இருக்கும் பிளாஸ்டிக் பொத்தானுக்குள் உட்கார வேண்டும். மூடியை வைத்ததும், திருகு போடும் முன், பொத்தானைத் தள்ளிப் பாருங்கள். உள்ளே "டக்" என்ற சத்தம் கேட்காமல் வெறுமனே நகர்ந்தால் நெம்பு விலகியிருக்கிறது, மூடியை எடுத்து மறுபடி வையுங்கள். எஜெக்ட் பொத்தானும் அழுத்தினால் ஸ்பிரிங்கோடு திரும்பி வர வேண்டும். திருகுகளை எதிரெதிர் மூலைகளாகப் போட்டு, இறுகியதும் நிறுத்துங்கள். பழைய பிளாஸ்டிக் இன்னும் ஒரு சுற்றைத் தாங்காது.

கடைசியாக, அடாப்டர் ஒயரில் ஒரு துண்டு டேப் ஒட்டி, "சூப்பர் ஃபாமிகாம், 9 வோல்ட், நடு நெகட்டிவ்" என்று எழுதி வையுங்கள்.